வரையாத முடிச்சு

அந்தத் துணியை அர்த்தநாரி வரையவில்லை. அதை வரையாமல் விட்டதற்காகத்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு சால்வை போர்த்தினார்கள்.

படத்தின் வலப்பக்கம், நாற்காலியின் கைக்குக் கீழே, சிவப்புத் துணியின் நுனி ஒன்று இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் தூசி என்று நினைத்தார். வாளையார்க் கணவாய் வழியாகத் தை மாசத்துக் காற்று புகுந்து கொழிஞ்சாம்பாறையையே புரட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பனைமரங்கள் பகலெல்லாம் சடசடத்தன, செம்மண் புழுதி ஓட்டுச் சந்து வழியாகக்கூட உள்ளே இறங்கியது. அதனால் ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த ஜென்மியின் மாடிக் கூடத்துச் சன்னல்கள் பன்னிரண்டையும் சாத்திவிட்டு, பட்டப்பகலில் நான்கு விளக்கேற்றி வைத்துக்கொண்டு, படங்களைத் துடைத்துச் சரிபண்ணுகிற வேலை பார்த்தார். ஈரத்துணியால் துடைத்தார், போகவில்லை. எண்ணெய் தொட்டுத் துடைத்தார், சிவப்பு இன்னும் பளிச்சென்று எழுந்து வந்தது. துணியின் நெசவு தெரிந்தது, ஓரத்தில் ஓர் இழை பிரிந்திருந்ததும் தெரிந்தது. கைவேலை யாருடையது என்று கேட்கவே வேண்டாம். அர்த்தநாரி எப்படி இழை போடுவாரோ அப்படியே போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை எக்ஸிபிஷன். ஜென்மி ஆறுமுகசாமி முப்பது வருஷமாகச் சேர்த்த படங்களை முதன்முதலாக ஊர் பார்க்கப்போகிறது. தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்கள், கொச்சியில் ஏலத்தில் எடுத்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள், மாட்டுப்பட்டிப் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவன் சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன மலைக்காட்சிகள், எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று. திவானுக்கு வேண்டிய பெரிய துரை ஒருவர் எர்ணாகுளத்திலிருந்து வந்து திறந்துவைக்கிறார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஜென்மிக்கு சர்க்கார் பட்டத்தின் மேல் கண்.

அர்த்தநாரிக்கும் ஒன்றின் மேல் கண் இருந்தது. டவுன் ஹைஸ்கூல் டிராயிங் மாஸ்டர் உத்தியோகம். ஐம்பத்திரண்டு வயதில் மாட்டுவண்டிக்கும் கடைப் பலகைக்கும் பெயிண்ட் அடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் ஏணிமேல் நின்று தலைசுற்றுகிறவருக்கு, தலைக்கு மேல் கூரையும் உட்கார நாற்காலியும், ‘சார்’ என்று கூப்பிட நாலு பிள்ளைகளும். ஏழு வருஷமாக ஜென்மி ‘ஆகட்டும், ஆகட்டும்’ என்று இழுத்த உத்தியோகம். இந்தத் தடவை ஆர்டரே வந்துவிட்டது, ஜென்மியின் மேசைப் பெட்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை துரை கையால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஏழு வருஷமும் இந்த ஒரு படத்திலிருந்துதான் ஆரம்பித்தது.

படத்தில் இருப்பவள் கமலாத்தாள், ஜென்மியின் இரண்டாம் மனைவி. பத்தொன்பது வயதில் செத்தாள். செத்த அன்றைக்கே வரைந்த படம். அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் அது ஒரு வழக்கம். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, நகை பூட்டி, மாலை போட்டு, பாடை கட்டி முடிப்பதற்குள் சித்திரக்காரன் முகத்தை எழுதிவிட வேண்டும். உடம்பு சாயாமல் இருக்க மார்பையும் இடுப்பையும் நாற்காலியோடு துணியால் கட்டியிருப்பார்கள். வாய் பிளக்காமல் இருக்கத் தாடையைத் தலையோடு சேர்த்து இன்னொரு கட்டு. அந்தக் கட்டுகளையெல்லாம் படத்தில் விழுங்கிவிட்டு, மூடிய இமைமேல் திறந்த கண்ணை எழுதுகிறவன்தான் தேர்ந்த சித்திரக்காரன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்த வேலையில் அர்த்தநாரியை அடிக்க நாலு ஊரில் ஆள் கிடையாது. அவர் எழுதிய கண்ணைப் பார்த்துவிட்டு, செத்தவரின் சொந்தக்காரர்களே ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திவிடுவார்கள்.

திங்கட்கிழமை அந்த நுனியின்மேல் நாற்காலி நிறத்தில் சாயத்தைக் கெட்டியாக ஏற்றி மூடினார். மூடியதும் மனசு லேசாகிவிட்டது. வயசாகிறது, அன்றைக்கு அவசரத்தில் நாமே ஒரு கோடு இழுத்துவிட்டு மறந்திருப்போம் என்று தன்னையே தேற்றிக்கொண்டு போய்ப் படுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நுனி மறுபடியும் தொங்கிக்கொண்டிருந்தது. நுனி மட்டும் இல்லை. கொசுவத்துக்கு மேலே, இடுப்பைச் சுற்றி, ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புக் கட்டு. அவளுக்கு இடது பக்கம் முடிச்சு. இறுக்கிக் கட்டியதில் புடவை சுருங்கியிருந்த சுருக்கம்கூட அப்படியே இருந்தது. கித்தானைத் தொட்டுப் பார்த்தார். முந்தின நாள் பூசிய சாயம் ஈரமாக இருந்திருக்க வேண்டும். விரலில் ஒட்டவில்லை. எல்லாம் ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே காய்ந்துபோன சாயம்.

கஞ்சி கொண்டுவந்த காளிச்சாமியை நிறுத்தினார். இருபது வருஷமாக அந்த வீட்டில் வேலை பார்க்கிறவன், அன்றைக்குக் கமலாத்தாளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தவனும் அவன்தான்.

“காளிச்சாமி, இந்தப் படத்தைக் கொஞ்சம் பாரு. ஏதாச்சும் வித்தியாசமாத் தெரியுதா?”

அவன் விளக்கைத் தூக்கிப் பார்த்தான். “ஒண்ணும் இல்லீங்களே. அந்தம்மிணி அப்படியே உக்கோந்திருக்குதுங்க.”

“இடுப்புல?”

“கட்டுங்க. நாந்தானுங்களே கட்டுனேன்.”

“அது படத்துல இல்லையே அப்பா. நான் அதை எழுதவே இல்லையே.”

காளிச்சாமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “என்னங்க இப்படிச் சொல்றீங்க? எப்பவும் இருந்ததுதானுங்க. தெனமும் தூசி தட்டறவன், எனக்குத் தெரியாதுங்களா?” என்று சொல்லிவிட்டுக் கீழே போனான். படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும் கூடத்தில் காற்றும் விளக்குத் திரியும்தான் மிஞ்சின.

அன்று சாயங்காலம் ஜென்மி வந்தார். நல்ல உயரம், நெற்றி நிறைய விபூதி, கையில் வெள்ளிப்பூண் தடி. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று ரசித்தவர், கமலாத்தாள் படத்துக்கு வந்ததும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினார்.

“தொரை வந்ததும் நேரா இதுக்கு முன்னாலதான் கூட்டிட்டு வருவேன். பக்கத்துல கமலாத்தாளோட ஆத்தா நிப்பா. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வெசாழக்கெழமையே வண்டியில வர்றா. ஏழு வருசமாப் படத்தைக் காட்டு, படத்தைக் காட்டுன்னு ஆளு மேல ஆளு உட்டுட்டிருந்தா. இப்பக் காட்டிரலாம். பெத்தவ கண்ணு கலங்கி நின்னா தொரைக்கும் மனசு எளகும்.”

“எசமானுங்க, இந்தப் படம் நெறம் கொஞ்சம் மங்கிப்போச்சுங்க. இதை மட்டும் எடுத்து வெச்சுட்டு...”

“அர்த்தநாரி, உனக்கு ஆர்டர் வேணுமா, வேண்டாமா?”

அர்த்தநாரி கீழே வைத்திருந்த தூரிகையை எடுத்துக்கொண்டார்.

“அப்ப மங்குனதைச் செரி பண்ணு.” ஜென்மி திரும்பிப் பார்க்காமலே படியிறங்கினார். வீட்டில் எல்லோரையும் அதட்டுகிற மனுஷன், அந்த முகத்தை மட்டும் ஒரு நாளும் நேராகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அர்த்தநாரிக்கு உறைத்தது.

புதன்கிழமை மார்புக்கட்டு வந்திருந்தது. பூமாலைக்கு அடியில் ஒளித்திருந்ததை மாலையே விலகி நின்று காட்டுகிற மாதிரி. அதற்கு மேலே, வெள்ளை வேட்டிக் கிழிசலில், வாய்க்கட்டு. தாடையில் ஏறி, காதோரம் போய், கொண்டைக்குப் பின்னால் முடிந்திருந்தது. நகையும் பூவுமாக மகாலட்சுமி போல இருந்த பெண், மூட்டை கட்டிய மாதிரி கட்டுண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் எழுதிய கண்கள் மட்டும் அகலத் திறந்து, இது எதுவும் தெரியாதது போலச் சிரித்துக்கொண்டிருந்தன.

டர்பன்டைன் நெடிக்கு நடுவில் வேறொரு வாசனை வந்தது. மருக்கொழுந்து. அன்றைய மாலையில் கட்டியிருந்த மருக்கொழுந்து, கொஞ்சம் வாடி, உடம்புச் சூட்டில் வெதும்பினால் வருகிற வாசனை. செத்த உடம்பில் போட்ட மாலை வெதும்பாது. அது அன்றைக்கே அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் வரிசை புரிந்தது. முதலில் துணி நுனி, பிறகு இடுப்பு, பிறகு மார்பு, பிறகு வாய். அன்றைக்கு எந்த வரிசையில் மறைத்தாரோ, அதே வரிசையில் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது. மறைத்ததில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைத் துணிபோல சாயத்தால் மட்டும் மறைக்கவில்லை. அது அவருக்கும் ஜென்மிக்கும் மட்டுமே தெரிந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு, கமலாத்தாளுக்கு இரண்டு நாள் ஜுரம், விடியற்காலையில் நாடி அடங்கிவிட்டது என்று வைத்தியன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து அர்த்தநாரி உதட்டை எழுதிக்கொண்டிருந்தார். மூக்கருகே ஒட்டியிருந்த ஒற்றை முடி அசைந்தது. காற்று என்று நினைத்தார். அறையில் காற்றே இல்லை. மாலையில் ஒரு மருக்கொழுந்து இலை மெல்ல எழுந்து, மெல்ல அமர்ந்தது. பிறகு இடது இமை துடித்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எழுந்து ஓடித் தாழ்வாரத்தில் நின்ற ஜென்மியிடம் போய், “எசமானுங்க, மூச்சு இருக்கற மாதிரித் தெரியுதுங்க” என்றார். ஜென்மி அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“நீ மூஞ்சியப் பாரு அர்த்தநாரி. நாடியப் பாக்க வைத்தியன் இருக்கறான்.” பிறகு, ஏதோ அப்போதுதான் நினைவு வந்ததுபோல, “டவுன் ஹைஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர் வேலை காலியாகுதாமா. உனக்கு ஏத்ததா இருக்கும்” என்றார்.

அர்த்தநாரி திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. கத்தவில்லை, கட்டை அவிழ்க்கவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அந்த உதட்டில் விடவில்லை. துடித்த இமைமேல் திறந்த கண்ணை எழுதி முடித்தார். பொழுது சாய்வதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாம் மாசம் அந்த வீட்டில் மறுபடியும் கெட்டிமேளம் கொட்டியது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அர்த்தநாரி வாயை மூடிப் பிழைக்கப் பார்த்தவர்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து பூசினார். பழுப்பு, மஞ்சள், பட்டுப் பச்சை என்று கத்தியால் அள்ளி அப்பினார். ஒரு கட்டை மூடித் திரும்புவதற்குள் இன்னொன்று தெளிந்தது. கித்தானைக் கிழித்துவிடலாம் என்று கத்தியைத் திருப்பிப் பிடித்தார். நாளைக்குத் துரை வருகிறார். ஆர்டர் பெட்டியில் இருக்கிறது. ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி தாண்டினால் போதும். கத்தி தாழ்ந்தது. தன்மேலேயே அவருக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது, ஆனாலும் தாழ்ந்த கத்தி மறுபடி எழவில்லை.

காற்று சன்னலை அறைந்தது. நின்றது. மறுபடி அறைந்தது. நிற்கிற இடைவெளியில் ஏதோ கேட்டது. மெல்லிய சத்தம். துணிக்குள்ளிருந்து வருவது போல. இழுத்து. விட்டு. இழுத்து.

தன்னுடைய மூச்சுதான் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் நிற்கவில்லை.

மாலையில் ஓர் இலை எழுந்தது. அமர்ந்தது.

படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, கூடத்தின் மறுகோடிக்குப் போய், வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் காலடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்டபோது எண்ணெய் குறைந்து இரண்டு விளக்குகள் அணைந்திருந்தன.

காளிச்சாமி ஒரு கிழவியை அழைத்துவந்து விட்டான். “கமலாத்தா அம்மிணியோட ஆத்தாளுங்க. படத்தை ஏனுங்க திருப்பி வெச்சிருக்கறீங்க?” என்று கேட்டுக்கொண்டே அதை நேராகத் திருப்பி வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று இறங்கிப் போய்விட்டான்.

கிழவி சுப்பாத்தாள் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணில் பூ விழுந்திருந்தது. முதலில் விளக்கு தெரிந்தது, பிறகு அர்த்தநாரி தெரிந்தார்.

“ஏனுங்க, எழுதுனவரு நீங்கதானுங்களா?”

“ஆமாங்கம்மா.”

“நான் வண்டி கட்டி வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. சாம்பலைத்தானுங்க பாத்தேன். கடைசீல என்ற அம்மிணி மொகத்தைப் பாத்துட்டு இருந்தது நீங்கதான்னு சொன்னாங்க.” கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சாமி. அவ செரமப்படாமப் போனாளுங்களா?”

கேட்டுவிட்டாள். ஏழு வருஷமாக எவரும் கேட்காத கேள்வி. பொள்ளாச்சியிலிருந்து வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. பயம், சத்தம், வாசனை, எல்லாமே. உத்தியோகமும். அர்த்தநாரி வாசலைப் பார்த்தார். கீழே பந்தலுக்குத் தென்னங்கீற்று இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“தூங்கற மாதிரி இருந்தாங்கம்மா. நான் வர்றப்பவே எல்லாம் அடங்கியிருந்துதுங்க.”

காற்று நின்றது.

பனைமரம் நின்றது. சன்னல் நின்றது. கூடம் முழுக்க அந்த ஒரு சத்தம்தான். இழுத்து, விட்டு.

சுப்பாத்தாள் தலையைத் திருப்பினாள். விளக்கை எடுத்துக்கொண்டு, தரையைக் காலால் தடவித் தடவிப் படத்தண்டை போனாள். முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு கழுத்து, மார்பு, இடுப்பு என்று விளக்கு இறங்கியது.

“ஏனுங்க, இதென்ன கட்டு?”

அர்த்தநாரி விரலில் இருந்த சாயத்தை வேட்டியில் துடைத்தார்.

“கட்டை அவுக்காமயா எரிச்சாங்க?” கிழவியின் குரல் உடைந்தது. “நாதியத்த பொணத்துக்குக்கூடச் சிதையில வெக்கறப்ப எல்லாக் கட்டையும் அவுத்து உடுவாங்களே. ஒரு முடிச்சு இருந்தாலும் உசுரு போகாம நிக்குமே. அதைக்கூடவா என்ற புள்ளைக்குச் செய்யல?”

விளக்கைத் தரையில் வைத்தாள். படத்துக்குக் கையை நீட்டினாள்.

சாயத்தைத்தான் தொடுவாள் என்று நினைத்தார். துணியைத் தொட்டாள். தொங்கிய சிவப்பு நுனி அவள் விரலுக்குள் வந்தது. இழுத்தாள். சட்டத்துக்கு வெளியே, ஒரு முழம், இரண்டு முழம், நீண்டு வந்து தரையில் விழுந்தது. கிழவிக்கு அதில் ஆச்சரியமே இல்லை. பெற்ற பிள்ளைக்கு உடுப்பு மாற்றுகிற மாதிரி, கண் சரியாகத் தெரியாத விரல்களால் இடுப்பு முடிச்சைத் தேடினாள்.

“பயப்படாத கண்ணு. ஆத்தா வந்துட்டனல்லோ.”

கத்த வேண்டும். அவளைப் பிடித்து இழுக்க வேண்டும். காளிச்சாமியைக் கூப்பிட வேண்டும். அர்த்தநாரி எதுவும் செய்யவில்லை. பழக்கம்.

இடுப்புக்கட்டு விழுந்தது.

மார்புக்கட்டு விழுந்தது.

வாய்க்கட்டின் முடிச்சுக்காகக் கொண்டைக்குப் பின்னால் கை போனது. முழங்கை வரை படத்துக்குள் போனது. வெள்ளைத் துணி தளர்ந்தது. அதற்குள் இத்தனை நேரம் அடைபட்டிருந்த சத்தம் பெரிதாக வெளியே வந்தது.

பிடிப்பில்லாத உடம்பு முன்னால் சாய்ந்தது.

அன்றைக்குக் காளிச்சாமி கட்டுவதற்கு முன்னால் எப்படிச் சாய்ந்ததோ அப்படியே. சட்டத்தைத் தாண்டி, மாலையும் நகையுமாக, முகம் வந்து கிழவியின் தோளில் விழுந்தது. சுப்பாத்தாள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். முதுகைத் தடவினாள். தடவிய கை பாதியில் நின்றது.

“ஏனுங்க,” என்றாள், திரும்பாமல். சந்தோஷமா, என்ன என்று சொல்ல முடியாத குரல். “மூச்சு வருதுங்க. என்ற கழுத்துல சூடாப் படுதுங்க.”

அர்த்தநாரி பின்னால் நகர்ந்தார். முதுகில் சுவர் இடித்தது.

“நீங்க பக்கத்துலயேதான உக்கோந்திருந்தீங்க?”

தாயின் தோளுக்கு மேலே அந்த முகம் அவரைப் பார்த்தபடி இருந்தது. அவர் எழுதிய கண்கள், அவர் எழுதிய சிரிப்பு. இடது கண் துடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை அவர் எழுதிய கண்மணி இமையோடு சேர்ந்து மேலே ஏறிப் புருவத்துக்கடியில் மடிந்தது. அதற்குக் கீழே, ஏழு வருஷம் அவருடைய சாயத்துக்குள் மூடிக் கிடந்த ஈரமான கண் திறந்தது.